வெட்ட வெட்ட வளர்ந்த கால் ஆணி: ஒரு நிகழ்வு ஆய்வு

கால் ஆணி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு அது வெறும் கால் ஆணிதான். தடித்த தோலைச் சீவி எடுத்து, செருப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம். இங்கே நான் எழுதப்போவது அப்படி அனுப்ப முடியாத ஒரு காலைப் பற்றி. பாதச் சிகிச்சை என்றாலே நகம் வெட்டுவதும் ஆணி எடுப்பதும்தான் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஆணி எதனால் வருகிறது, யாருடைய ஆணியை வீட்டில் தொடவே கூடாது என்பது இந்த ஒரு காலிலேயே முழுசாகத் தெரிந்தது.

வந்தவர் 56 வயது ஆசிரியை. 14 வருடமாகச் சர்க்கரை நோய். வலது உள்ளங்காலின் முன்பகுதியில், இரண்டாவது விரலுக்கு நேர் கீழே ஆணி. இரண்டு வருடமாக இருக்கிறதாம். குளித்துவிட்டு வந்து, தோல் ஊறியிருக்கும்போது பிளேடால் சீவிவிடுவார், சில வாரத்தில் திரும்ப வளர்ந்துவிடும். கடைசியாக மருந்துக் கடையில் கார்ன் கேப் என்ற, ஆணியைக் கரைக்கும் மருந்துப் பட்டையை வாங்கி ஒட்டியிருக்கிறார், அதுவும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "வலியெல்லாம் இல்லைங்க, நடக்கும்போது ஏதோ மிதிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இவதான் பிடிவாதமா கூட்டிட்டு வந்துட்டா" என்று மகளைக் காட்டினார். மகள் வந்த காரணம் வேறு. துவைக்கப் போட்ட சாக்ஸில், அதே இடத்தில் பழுப்பாக ஒரு கறையைப் பார்த்திருக்கிறார்.

வலி இல்லை என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. ஆணிக்கும் காய்ப்புக்கும் என்ன வித்தியாசம் என்றால், காய்ப்பு அகலமாகப் பரவித் தடித்த தோல், பெரும்பாலும் வலிக்காது. ஆணியின் நடுவில் கெட்டியான ஒரு கூம்பு இருக்கும், அதன் முனை உள்நோக்கி அழுத்தும், வெறுங்காலோடு தரையில் நின்றாலே ஆளைத் துள்ள வைக்கும். மரு என்பது இரண்டும் இல்லை, அது வைரஸால் வருவது. தோலின் ரேகைகள் அதன் மேல் ஓடாமல் சுற்றி விலகிப் போகும், மேலே சீவினால் கரும்புள்ளிகள் தெரியும், புள்ளிபுள்ளியாக ரத்தம் கசியும், நேராக அழுத்துவதைவிட இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும். இவருடைய காலில் ரேகைகள் மேலேயே ஓடின, அதனால் மரு இல்லை. ஆனால் அந்த அளவுக்குத் தடித்த, நடுவில் கருத்த ஒன்று இருந்தும் ஒருவர் வலியில்லாமல் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறார் என்றால், சந்தேகப்பட வேண்டியது ஆணியை இல்லை, நரம்பை.

ஒரு காலில் தொந்தரவு என்று வந்தாலும் இரண்டு காலையும் முழங்கால் வரை பார்க்க வேண்டும், அதற்கும் முன்னால் போட்டிருந்த ஷூவைப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் அவரை நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்தேன். அந்தப் படத்தின் மேல் ஷூவை வைத்தபோது, ஷூவின் முன்பக்கம் கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டது. அதாவது அந்தப் பாதம் தினமும் தன்னைவிட ஒடுக்கமான இடத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது. இன்சோலை உருவிப் பார்த்தால், இரண்டாவது விரலுக்குக் கீழே ஒரு நாணயம் அளவுக்குப் பள்ளம், அதன் நடுவே கறை. ஷூவுக்குள் கையை விட்டுத் தடவினேன், இரும்பு ஆணியோ தையல் முடிச்சோ எதுவும் குத்தவில்லை. இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம், கால் மரத்தவர்கள் ஒவ்வொரு முறை போடுவதற்கு முன்பும் செய்ய வேண்டும்.

பாதம் என்ன சொன்னது

தோல் இரண்டு காலிலும் காய்ந்து போயிருந்தது. குதிகாலைச் சுற்றிப் பித்தவெடிப்பு. சர்க்கரை நோயில் வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பும் கெடும், அதனால் பாதம் வியர்ப்பது நின்று தோல் வெடிக்கும். வலது பெருவிரல் மூட்டு வெளியே புடைத்து, விரல் இரண்டாவது விரல் மேல் சாய்ந்திருந்தது. இடம் கிடைக்காத இரண்டாவது விரல் கழுகின் நகம் மாதிரி வளைந்து, அதன் முட்டியில் ஷூ உரசிச் சின்னதாக ஒரு ஆணி. பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்திருந்தது. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறிப்போன சேற்றுப்புண்.

அப்புறம் உணர்வுப் பரிசோதனை. இதற்கு மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை இருக்கிறது, 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடிப்பக்கத்திலும் உள்ளங்காலின் முன்பகுதியிலும் ஒவ்வொரு இடமாக, இழை வளையும் வரை ஒன்றிரண்டு விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். காய்ப்பின் மேல் வைக்கக் கூடாது, அங்கே நல்ல நரம்பு இருப்பவருக்கும் தெரியாது. முதலில் கையில் வைத்துக் காட்டினேன், உடனே தெரிந்தது. காலுக்கு வந்து நான் எல்லா இடத்தையும் முடித்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையா?" மகள் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தபோதும் அதிர்வு தெரியவில்லை. கணுக்காலில் கொஞ்சமாகத் தெரிந்தது.

ரத்த ஓட்டம் மட்டும் நன்றாக இருந்தது. பாதத்தின் மேலும் உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி கைக்கே கிடைத்தது, ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கும் டாப்ளர் கருவியிலும் ஓசை தெளிவாக இருந்தது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் ரத்தக் குழாய் அடைப்பைச் சந்தேகிப்போம், இவருக்கு 1.05. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் ரத்தம் போகாத காலிலும் நல்ல எண் காட்டும், 1.4-க்கு மேல் போனால் அந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். அதனால் பெருவிரலின் அழுத்தத்தையும் அளந்தோம், அதுவும் சரியாக இருந்தது. இந்தப் படியைத் தாண்டாமல் நான் கத்தியைக் கையில் எடுப்பதில்லை. ரத்தம் போகாத காலில் போடும் சின்ன வெட்டுகூட ஆறாது.

கடைசியாக வெப்பம். தோலின் வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் கருவியால் இரண்டு காலிலும் அதே இடத்தை அளந்தபோது வலதில் 2.4 டிகிரி செல்சியஸ் அதிகம். 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

ஏன் சரியாக அந்த இடத்தில் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இந்த நிகழ்வின் மையமே அதுதான். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழுந்தவுடன் எடையின் பெரும்பங்கைப் பெருவிரல் மூட்டுதான் தாங்க வேண்டும். அந்த மூட்டு புடைத்துச் சாய்ந்துவிட்டால் அது வேலையிலிருந்து விலகிக்கொள்ளும், பாரம் பக்கத்தில், இரண்டாவது விரலுக்குப் பின்னாலுள்ள நீண்ட எலும்பின் தலைக்குப் போகும். இரண்டாவது விரல் வளைந்து மேலே ஏறியதால் அந்த எலும்பின் தலை இன்னும் கீழே தள்ளப்படும், அதன் அடியில் மெத்தை மாதிரி இருக்க வேண்டிய கொழுப்பு முன்னால் நகர்ந்துவிடும். இது போதாதென்று, நெடுநாள் சர்க்கரையால் தசைநாண்களும் மூட்டுகளும் இறுகும். இவர் முழங்காலை நீட்டி வைத்தபோது பாதம் செங்கோணத்துக்கு மேல் வளையவே இல்லை, சாதாரணமாக நடக்க 10 டிகிரியாவது மேலே வளைய வேண்டும். கணுக்கால் வளையாவிட்டால் குதிகால் சீக்கிரமே எழும், பாதத்தின் முன்பகுதி தேவைக்கு அதிகமான நேரம் எடை சுமக்கும். ஒவ்வொரு அடிக்கும் இதே கதை, நாளெல்லாம் நிற்கும் வேலை வேறு. அந்த அழுத்தத்துக்குத் தோல் காட்டிய பதில்தான் காய்ப்பு. அதையே சீவி, சீவி, கார்ன் கேப் ஒட்டினால் காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தோலுக்குக் கீழே

10-ஆம் எண் பிளேடு, மெல்லிய இழைகளாக, தோலின் போக்கிலேயே. பாதச் சிகிச்சையில் கைக்குப் பழக்கம் வர நெடுநாளாகும் வேலை இதுதான், ஏனென்றால் செத்த தோல் எங்கே முடிகிறது, உயிருள்ள தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்பது பிளேடு ஓடும் விதத்திலும் நிறத்திலும்தான் தெரியும். சுற்றியிருந்த தோல் வெள்ளையாக நொறுநொறுவென்று வந்தது, அது கார்ன் கேப்பிலிருந்த சாலிசிலிக் அமிலத்தின் வேலை. அந்தப் பட்டைகளில் பொதுவாக 40 சதவீதம் அமிலம் இருக்கும். அந்த அமிலத்துக்குத் தடித்த தோல், நல்ல தோல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உணர்வுள்ள காலில் எரிந்தவுடன் ஆள் பிய்த்து எறிந்துவிடுவார். மரத்த காலில் எரிவதே தெரியாது.

கொஞ்சம் உள்ளே போனதும் பழுப்புச் சிவப்பில் ஒரு திட்டு தெரிந்தது. காய்ப்புக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றால் புண்ணுக்கு முந்தைய கட்டம் என்று அர்த்தம், சில சமயம் அதற்கும் பிந்தைய கட்டம். அடுத்த இழையோடு ஈரம் வந்தது. அதன் கீழே குழி. கூரை மாதிரி மூடியிருந்த தோலை முழுதும் எடுத்தபோது 8 மில்லிமீட்டர் நீளம், 6 அகலம், 3 ஆழத்தில் ஒரு புண், விளிம்பு உள்பக்கம் குடைந்திருந்தது. மழுங்கிய நுனியுள்ள கம்பியை மெதுவாக விட்டுப் பார்த்தேன், எலும்பில் தட்டவில்லை. எலும்பைத் தொட்டிருந்தால் எலும்பிலேயே தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டிவந்திருக்கும். சீழ் இல்லை, வாடை இல்லை, சுற்றிலும் சிவப்பு அரை சென்டிமீட்டருக்குள்ளேயே இருந்தது. அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயிலும் எலும்பு சுத்தம். தொற்றின் அடையாளம் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு பலனும் இல்லை, அதனால் கொடுக்கவில்லை. இதை மகளிடம் இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. புண் என்றால் மாத்திரை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

போனில் படம் எடுத்து அந்த ஆசிரியையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது எப்போ வந்துச்சு? எனக்குத் தெரியவே இல்லையே."

தெரியாது. அதுதான் நோய். நம்மில் யாருக்காவது செருப்புக்குள் ஒரு சின்னக் கல் கிடந்தால் நாலு அடிக்குள் நின்று உதறிவிடுவோம். இவருடைய காலில் அந்தக் காய்ப்பே கல்லாக இருந்தது, உதறச் சொல்லும் நரம்புதான் இல்லை. காய்ப்பைச் சீவி எடுத்தவுடனேயே அந்த இடத்தின் உச்ச அழுத்தம் கால் பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். முறையாகச் சீவுவதும் ஒரு சிகிச்சைதான் என்பதற்கு இது போதும். ஆனால் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பிளேடால் செய்கிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

செய்தது

உப்பு நீரால் கழுவி, விளிம்புகளைச் சுத்தம் செய்து, ஒட்டாத துணி வைத்துக் கட்டினேன். புண்ணைச் சுற்றி லாட வடிவில் ஃபெல்ட் என்ற தடித்த மெத்தைத் துணியை வெட்டி ஒட்டினேன், எடை சுற்றிலும் இறங்கும்படி. அது அன்றைய நாளுக்கான ஏற்பாடு மட்டும்தான். அன்றே சர்க்கரை நோய்ப் பாதக் குழுவுக்குக் கடிதம் போனது, பாதப் புண் என்றால் அதில் தாமதம் கூடாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.9 சதவீதமாக இருந்ததால் அதையும் அங்கேயே கவனித்தார்கள்.

இந்த வகைப் புண்ணுக்கு முதல் தேர்வு, முழங்கால் வரை வரும், நோயாளியால் கழற்ற முடியாத கட்டு. பாதத்தின் வடிவத்துக்கே வார்த்துப் போடுவார்கள், எடை பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பரவிவிடும். இவருக்கு அது பிடிக்கவில்லை. "பரீட்சை நேரம், இந்தக் கட்டோட நான் எப்படி வகுப்புக்குப் போறது? கழட்டி மாட்டுற மாதிரி ஏதாவது குடுங்களேன், நான் ஒழுங்கா போட்டுக்குவேன்" என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன், ஆனாலும் சம்மதிக்கவில்லை. கழற்றக்கூடிய பூட்ஸைக் கொடுத்து, அடிகளை எண்ணும் கருவியையும் ரகசியமாக வைத்துப் பார்த்த ஆய்வில், மொத்த நடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அது காலில் இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுகிறார்கள், வலியில்லாதவருக்கு அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உடம்பு சொல்லாது. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுக்கப் பள்ளியில் அனுமதி வாங்கினார், கட்டுப் போட்ட கால் உயர்ந்துவிடுவதால் இடது ஷூவுக்கும் உயரம் கூட்டினோம். முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்றினார்கள், வீக்கம் வடிந்தால் கட்டு தளர்ந்து அதுவே உரசும். அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் விளிம்பில் கூடும் காய்ப்பைச் சீவினோம்.

நான்காவது வாரத்தில் புண்ணின் பரப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த வாரத்தில் பாதியாவது குறையாவிட்டால் எங்கேயோ தப்பு என்று மறுபடி முதலிலிருந்து தேடுவோம். எட்டாவது வாரத்தில் மூடியது. மூடியதும் கட்டைக் கழற்றவில்லை, புதுத் தோல் இறுகட்டும் என்று இன்னும் இரண்டு வாரம் விட்டோம்.

நடுவில் மற்றதெல்லாம். வளைந்த விரல் மேலிருந்த ஆணியை 15-ஆம் எண் பிளேடால் கூம்போடு எடுத்து, விரலுக்கு அடியில் சிலிக்கானில் ஒரு தாங்கி செய்து கொடுத்தேன். சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் களிம்பு, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காய வைப்பது. அந்த ஊறிய தோல் வழியாகத்தான் பல காலில் பாக்டீரியா நுழைகிறது, அற்பமாக நினைக்கக் கூடாது. பித்தவெடிப்புக்கு 25 சதவீத யூரியா கிரீம், விரலிடுக்கில் மட்டும் படக் கூடாது. தடித்த நகத்தை நகவெட்டியால் குறைத்து, சுழலும் கருவியால் இழைத்து மெல்லியதாக்கினேன். தடித்த நகமெல்லாம் பூஞ்சை கிடையாது, சுமார் பாதிதான். அதனால் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் மருந்து. இவருக்குப் பூஞ்சை உறுதியானது. கல்லீரல் பரிசோதனை பார்த்து, மருத்துவர் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று, 12 வாரம் எழுதினார். கால் நகம் முழுதாக வளர ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் விட்டுவிடுவார்கள்.

நகத்தின் ஓரத்தை அவர் குடைந்து வெட்டும் பழக்கத்தையும் நிறுத்தினோம். அப்படி வெட்டினால் விட்டுப்போன முள் சதைக்குள் ஏறும். அது பழுத்துத் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு விரலை மரக்கவைத்து, ஓரத்து நகத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்து, வேரில் ஃபீனால் தடவி அந்தப் பகுதி வளராமல் செய்வோம். நல்ல முறை, பலருக்கு நிரந்தரமாகத் தீர்ந்துவிடும். இவருக்குத் தேவைப்படவில்லை.

மகளும் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசியால் குத்துகிற மாதிரி இருக்கிறதாம், நாலு அடி நடந்தால் குறைகிறதாம். அழுத்திப் பார்த்தேன், குதிகாலின் உள் ஓரத்தில் சரியாக அந்த இடம். உள்ளங்காலில் நீளமாக ஓடும் தசைப்பட்டை குதிகாலில் ஒட்டும் இடத்தில் வரும் வலி அது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தாலும் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, வலியே இல்லாதவர்களுக்கும் அந்த முள் இருக்கும். கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சிகள், குதிகாலைத் தாங்கும் காலணி, வீட்டிலும் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது. பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும், ஆனால் பொறுமை வேண்டும்.

இப்போது

கட்டை எடுத்த அன்றே புது ஷூ தயாராக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பழைய ஷூவில் ஒரு வாரம் நடந்தாலே பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். முன்பக்கம் அகலமும் உயரமும் உள்ள, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் விடும் ஷூ. அடிப்பாகம் விறைப்பாக, முன்னால் வளைந்து உருளும்படி செய்தது, விரல் மூட்டுகள் மடங்காமலே அடி எடுத்து வைக்கலாம். இன்சோல் பாதத்தின் அச்சில் வார்த்தது. அதில் ஒரு மேடு, எலும்புத் தலைக்கு நேர் அடியில் இல்லாமல், அதற்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அதுவே அழுத்தும். வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி. நடையில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு முறை புண் வந்து ஆறிய பாதத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. இதைச் சொல்லாமல் இருப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன். சொன்னேன். அன்றிலிருந்து அவர் தினமும் காலை இரண்டு பாதத்தின் வெப்பத்தையும் எழுதி வைக்கிறார். தொடர்ந்து இரண்டு நாள் 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடப்பதைக் குறைத்துவிட்டு எங்களை அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாதம் ஒரு முறை வருகிறார், நன்றாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாக்குவோம், மூன்று மாதத்தைத் தாண்ட விடமாட்டேன். பிளேடையும் கார்ன் கேப் பெட்டியையும் மகள் எடுத்துப் போட்டுவிட்டார்.

ஆபரேஷன் பற்றிய பேச்சு இன்னும் முடிவாகவில்லை. கெண்டைத்தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணை ஆபரேஷனில் நீட்டிவிட்டால் முன்பாதத்தின் பாரம் குறையும், ஆனால் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் குதிகாலில் புண் வரும் ஆபத்து உண்டு. ஷூவும் சீவுதலும் தாங்குகிற வரைக்கும் அது வேண்டாம் என்பது என் கருத்து, எலும்பு மருத்துவரும் அப்படியே சொல்கிறார். போன முறை வந்தபோது இடது காலில் அதே இரண்டாவது விரலின் கீழ் காய்ப்பு தடிக்க ஆரம்பித்திருந்தது. சீவிப் பார்த்தேன், உள்ளே ரத்தக் கறை இல்லை. இடது இன்சோலின் மேட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்திருக்கிறோம், அடுத்த முறை இன்சோலை உருவி அந்தப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.